ரப்பரும் டார்பிடோவும்

சரித்திரக் கதை எழுதுகிறவனுக்கு ஒரு துரோகி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வீரன் ஏன் தோற்றான் என்று அவன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாசகருக்கும் சௌகரியம், கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரிந்துவிடுகிறது. இந்தச் சௌகரியத்தை நானும் அனுபவித்தவன்தான். அதனால்தான் சமீபத்தில் இரண்டு தடவை பார்த்த ஒரு பழைய சீனப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதத் தோன்றுகிறது.

படம் 1962-ல் சாங்சுன் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. டைரக்டர் லின் நுங். ‘ஜியாவு வருஷத்துக் காற்றும் மேகமும்’ என்று அதன் தலைப்புக்கு அர்த்தம் சொல்லலாம். ஜியாவு என்பது நம்முடைய பிரபவ, விபவ போல அறுபது வருஷச் சுற்றில் வரும் ஒரு வருஷத்தின் பெயர். இங்கே அது 1894-ஐக் குறிக்கிறது. அந்த வருஷம் செப்டம்பர் 17-ம் தேதி, யாலூ நதி கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளிச் சீனக் கப்பற்படையும் ஜப்பானியக் கப்பற்படையும் மோதின. சீனர்கள் ஐந்து கப்பல்களை இழந்தார்கள். ஜப்பானியர் ஒன்றைக்கூட இழக்கவில்லை. மூழ்கிய ஐந்தில் ஒன்றின் பெயர் சிஹ்யுவான். அதன் காப்டன் தெங் ஷிச்சாங்தான் படத்தின் கதாநாயகர்.

கப்பலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நியூகாஸில் நகரத்தையொட்டி டைன் நதிக்கரையில் எல்ஸ்விக் என்ற இடத்தில் ஆர்ம்ஸ்ட்ராங் கம்பெனியின் கப்பல் பட்டறை இருந்தது. அங்கே கட்டி, 1886 செப்டம்பரில் நீரில் இறக்கினார்கள். எடை சுமார் 2,300 டன். வேகம் மணிக்கு 18 நாட். பெரிய பீரங்கிகள் மூன்று, நடுத்தரமானவை இரண்டு, அவற்றோடு டார்பிடோ விடும் குழாய்கள் நான்கு. அந்தக் காலத்து நிலவரப்படி நல்ல கப்பல்தான். 1887-ல் தெங் ஷிச்சாங் தாமே இங்கிலாந்துக்குப் போய் அதை ஏற்றுக்கொண்டு ஊருக்கு ஓட்டி வந்தார். ‘சிஹ்யுவான்’ என்றால் ‘தொலைதூரம் எட்டுவது’ என்று பொருள்.

அதை எதிர்த்து நின்ற ஜப்பானியக் கப்பல்களில் மிக வேகமானது யோஷினோ. 4,200 டன், 23 நாட், சடசடவென்று சுடும் புதுவகைப் பீரங்கிகள். இதுவும் எல்ஸ்விக்கில் அதே ஆர்ம்ஸ்ட்ராங் பட்டறையில் கட்டியதுதான், சிஹ்யுவானுக்கு ஆறு வருஷம் பின்னால். ஜப்பானிய அணியில் இருந்த நானிவாவும் அதே கம்பெனி கட்டியதே. ஒரே கொல்லன் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு அரிவாள் அடித்துக் கொடுத்துக் கூலியை வாங்கி முடிந்துகொண்ட கதை. ஒரு நாவலுக்கு இது ஒன்றே போதும். படத்தில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. போகட்டும், எல்லாவற்றையும் ஒரே படத்தில் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

படத்தில் நல்லவை நிறைய இருக்கின்றன என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. தெங்காக நடித்திருக்கும் லி மோரான் நாடக மேடையிலிருந்து வந்தவர். அந்தக் கம்பீரம் குரலிலும் நிற்கிற தோரணையிலும் தெரிகிறது. சில இடங்களில் மேடை கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. ஆனால் ஒரு காட்சி. யுத்தம் செய்ய அனுமதி கிடைக்காமல் வீட்டில் முடங்கிக் கிடக்கிறார் காப்டன். பீபாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கிறார். பீபா என்பது அவர்களுடைய தந்தி வாத்தியம். ‘பத்துத் திக்கிலும் பதுங்கியவர்’ என்ற பழைய போர்க்களப் பாட்டு அது. முகத்தில் பெரிய பாவனை ஒன்றும் இல்லை. விரல்கள்தான் சண்டை போடுகின்றன. ஒரு பக்கம் வசனம் எழுதியிருந்தால் வந்திராத கோபம் அந்த இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. எழுதுகிறவன் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய காட்சி. நான் பட்டேன்.

கடைசிக் கட்டமும் அப்படித்தான். கப்பல் தீப்பற்றி எரிகிறது. தெங் அதை யோஷினோவின் மேல் நேராக மோதச் சொல்லுகிறார். முழு வேகத்தில் போகிறார்கள். யோஷினோ டார்பிடோ விடுகிறது. ஒரு பிரம்மாண்டமான வெடி. அதோடு சரி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர், சாதாரணமாக எந்தப் படத்திலும் பாதியில் தூங்கிவிடுகிறவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குத் தொந்தரவு கொடுத்தது தெங் அல்ல, ஃபாங்.

ஃபாங் போச்சியான் என்ற இன்னொரு காப்டன் படத்தில் வருகிறார். அவருடைய கப்பலின் பெயர் ஜீயுவான். (சிஹ்யுவான், ஜீயுவான் என்று ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு பெயர்களை எந்த நாவலாசிரியனும் ஒரே கதையில் வைக்கமாட்டான். சரித்திரத்துக்கு அந்த இங்கிதம் கிடையாது. குழப்பம் வேண்டாம், இதை ஃபாங்கின் கப்பல் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.) படத்தில் ஃபாங் முதல் காட்சியிலிருந்தே கோழை, பொய்யன், மேலிடத்துக்குக் குழைகிறவன். பார்த்தவுடனேயே இவன் கைவிடப் போகிறவன் என்று தெரிந்துவிடுகிறது. எதிரியைக் கண்டு ஓடுகிறான், வெள்ளைக்கொடி ஏற்றுகிறான், அவன் உத்தரவை மீறி ஒரு சாதாரண மாலுமி பின்பக்கத்துப் பீரங்கியால் சுட்டு மானத்தைக் காப்பாற்றுகிறான். பிறகு அந்தப் பெருமையையும் ஃபாங் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறான்.

இவ்வளவும் கற்பனை என்று நான் சொல்லவில்லை. 1894 ஜூலை 25-ம் தேதி கொரியாவின் கரையோரம் புங்டோ தீவருகே ஒரு சண்டை நடந்தது உண்மை. அங்கே ஃபாங்கின் கப்பலும், குவாங்யி என்ற டார்பிடோப் படகும் மூன்று ஜப்பானியக் கப்பல்களிடம் அகப்பட்டுக்கொண்டன. யோஷினோ, நானிவா, அகித்சுஷிமா. குவாங்யி கரையில் ஏறி அழிந்தது. ஃபாங்கின் கப்பலில் மேல்தளம் ரத்தக்களரியாயிற்று. துணைக் காப்டன் அவர் அருகிலேயே தலையில் அடிபட்டு மாண்டார். வெள்ளைக்கொடி ஏறியதும் உண்மை. பின்பக்கத்துப் பீரங்கி யோஷினோவைத் தாக்கியதும் உண்மை. அதைச் சுட்ட மாலுமியின் பெயரைச் சரித்திரம் காப்பாற்றி வைத்திருக்கிறது: வாங் குவோசெங். அதே காலையில் நானிவாவின் காப்டன், பிற்காலத்தில் உலகம் முழுவதும் பேர் எடுத்த தோகோ, பிரிட்டிஷ் கொடி பறந்த கௌஷிங் என்ற கப்பலைச் சீனச் சிப்பாய்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களோடு மூழ்கடித்தார்.

மூன்றுக்கு ஒன்று. எதிரிகளில் ஒருவன் 23 நாட். இவர் கப்பல் சுமார் 15. ஃபாங் நின்றிருந்தால் மாண்டிருப்பார். ஓடினார், கப்பலும் பிழைத்தது. வெள்ளைக்கொடி ஏற்றிவிட்டுச் சுட்டது தந்திரமா, கோழைத்தனமா, இரண்டும் கலந்ததா? இரண்டும் கலந்ததுதான் என்று என் நாவலாசிரியப் புத்தி சொல்லுகிறது. மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான். படம் அந்தக் கலவையைப் பிரித்து, தந்திரத்தையும் வீரத்தையும் மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, கோழைத்தனம் முழுவதையும் காப்டன் தலையில் வைத்துவிட்டது.

யாலூ சண்டையிலும் ஃபாங் பாதியில் விலகினார். சிஹ்யுவான் மூழ்கிய பிற்பாடு. மறுநாள் விடியுமுன், மற்றக் கப்பல்கள் வந்து சேரச் சில மணி நேரம் முன்னதாகவே, லூஷுன் துறைமுகத்தை அடைந்துவிட்டார். ஆங்கிலேயர்கள் போர்ட் ஆர்தர் என்றழைத்த இடம் அது. ஓடுகிற அவசரத்தில் சொந்தப் படையைச் சேர்ந்த யாங்வெய் என்ற கப்பலை இடித்துவிட்டார் என்றும் குற்றச்சாட்டு வந்தது. தந்தி போயிற்று, ராஜாங்க உத்தரவு வந்தது. விசாரணை என்று சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடந்து சரியாக ஒரு வாரத்தில், செப்டம்பர் 24-ம் தேதி, லூஷுனில் அவர் தலையை வெட்டினார்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஃபாங்கின் கப்பலில் இருந்த ஜெர்மன் இன்ஜினீயர் ஒருவர், காப்டன் தைரியமாகத்தான் சண்டை போட்டார், பீரங்கிகள் வேலை செய்யாமற் போனபிறகுதான் விலகினோம் என்று சொன்னார். பீரங்கிகளை அவரே சம்மட்டியால் அடித்துக் கெடுத்துக்கொண்டார் என்று எதிர்க் கதை ஒன்று கிளம்பியது. யுத்தம் முடிந்த கையோடு, ஆசிரியர் பெயர் போடாத ஒரு சிறு புத்தகம் ஃபாங்குக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று வாதாடியது. நூறு வருஷம் கழித்துச் சீனச் சரித்திர ஆசிரியர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து இதே வழக்கை மறுபடி நடத்தினார்கள்.

எனக்கு இந்த வாதங்களைவிட முக்கியமாகப் பட்ட விஷயம் வேறு. அன்றைக்கு ஃபாங்கைத் தொடர்ந்து இன்னொரு கப்பலும் ஓடியது. குவாங்ஜியா. அதன் காப்டன் வூ ஜிங்ரோங். இருட்டில் வழி தவறிப் பாறையில் ஏற்றிக் கப்பலையே தொலைத்துவிட்டார். ஃபாங்காவது கப்பலைக் கொண்டுவந்து சேர்த்தார். வூவுக்குக் கிடைத்த தண்டனை பதவியைப் பறித்துவிட்டு, படையிலேயே வைத்துப் பார்ப்போம் என்பது. அவ்வளவுதான். ஒரே குற்றம், ஒரே சாயங்காலம். ஒருவருக்குக் கத்தி, ஒருவருக்குக் கண்டிப்பு. ஏன்? இந்த ‘ஏன்’ என்பதில்தான் கதை இருக்கிறது. படம் அதன் அருகில் போகவேயில்லை. வூ ஜிங்ரோங்கைத் துரோகி என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு கதைக்கு ஒரு துரோகி போதும் அல்லவா?

ஃபாங் யார்? ஃபூச்சோ கடற்படைப் பள்ளியில் படித்தவர். தெங்கும் அதே பள்ளி. 1877-ல் பொறுக்கி எடுத்த சில மாணவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். ஃபாங் கிரீனிச் கடற்படைக் கல்லூரியில் படித்தார். தெங்குக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஃபாங்கோடு கிரீனிச்சில் இருந்த யென் ஃபூ, கப்பலை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்து, ஹக்ஸ்லியைச் சீன மொழியில் பெயர்த்து ஒரு தலைமுறையையே உலுக்கினார். அதே கோஷ்டியில் இருந்த லின் யுங்ஷெங், யாலூவில் வேறொரு கப்பலின் தளத்தில் நின்று போரிட்டு மாண்டார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்! ஒருவர் மொழிபெயர்ப்பாளர், ஒருவர் தியாகி, ஒருவர் தலை வெட்டப்பட்டவர். இதைப் பார்த்து எழுதத் துடிக்காதவன் வேறு தொழிலுக்குப் போகலாம். படமோ ஃபாங்கை எங்கிருந்தோ வந்து குதித்த வில்லனாகக் காட்டுகிறது. சிரிப்பைக்கூட வில்லன் சிரிப்பாக வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பதினைந்து வருஷம் முன்னால் ஒரு நாவல் எழுதினேன். எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில், என் தாத்தா காலத்தில், ஏரி உடைந்து ஒரு தெருவே அடித்துக்கொண்டு போனதை வைத்து எழுதியது. உடைந்ததற்குக் காரணம் நாற்பது வருஷம் கரை பார்க்காமல் விட்டது. ஆனால் நாற்பது வருஷ அலட்சியத்தை எப்படிக் காட்சியாக்குவது? ஆகவே மதகைத் திறக்க மறுத்த ஒரு மணியக்காரரை உண்டாக்கினேன். பெயர் மாற்றினேன். காது கடுக்கனையும் வெற்றிலைப் பெட்டியையும் மாற்றவில்லை. அவை நன்றாக இருந்தன. நாவலைப் பலர் பாராட்டினார்கள். முக்கியமாக மணியக்காரர் பாத்திரத்தை.

ஒருநாள் எண்பது வயது இருக்கும், ஒரு பாட்டியம்மாள் பேரன் துணையோடு வீடு தேடி வந்தார். திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டார். காபி வேண்டாம் என்றார்.

“எங்கப்பா அன்னிக்கு ஊர்லயே இல்லை, தம்பி. எங்கம்மாவுக்குப் பிரசவம்னு மாமனார் வீட்டுக்குப் போயிருந்தார். பொறந்தது நான்தான்.”

“அது கதைதானே அம்மா, பெயர்கூட வேறதானே” என்று நான் இழுத்தேன்.

“நீங்க கதைன்னு சொல்றீங்க. எங்க தெருவுல யாரும் கதைன்னு சொல்லலியேப்பா.”

வேறொன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை. சிறிது நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார். அன்றுமுதல் யாராவது என் நாவலில் அந்தப் பாத்திரத்தைப் பாராட்டினால் எனக்கு உடம்பு கூசுகிறது. இந்தச் சீனப் படத்தில் ஃபாங் வரும்போதெல்லாம் அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. ஆகையால் என் விமரிசனத்தில் கொஞ்சம் சுயநலம் கலந்திருக்கிறது என்று வாசகர்கள் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

இனி டார்பிடோவுக்கு வருகிறேன். யோஷினோ விட்ட டார்பிடோவால் சிஹ்யுவான் மூழ்கியது என்று படம் காட்டுகிறது. பிரபலமான கதையும் அதுதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கப்பலின் மேல் டார்பிடோ விட்டதாக ஜப்பானியக் குறிப்புகளில் இல்லை. எதிரியின் கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்துவிட்டு அதை எழுதாமல் விடுகிற கடற்படை உலகத்தில் இருக்க முடியாது. குண்டடி பட்டு மூழ்கியது, அல்லது குண்டு விழுந்து சிஹ்யுவானின் சொந்த டார்பிடோவே உள்ளுக்குள் வெடித்தது என்பது ஆராய்ச்சிக்காரர்கள் பலருடைய முடிவு.

இன்னொரு சங்கதியும் உண்டு. யுத்தம் முடிந்த பிறகு, பிழைத்த அதிகாரிகளிடம் எழுத்துமூலம் வாக்குமூலம் வாங்கினார்கள். அவற்றில் ஒன்று சொல்லுகிறது: சிஹ்யுவானின் நீர்புகாக் கதவுகளில் இருந்த ரப்பர் நாள்பட்டு மக்கிப் போயிருந்தது, மாற்றித் தரும்படி கேட்டும் மாற்றவில்லை, அதனால்தான் அடிபட்ட சிறிது நேரத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது.

ரப்பர்! நம் வீட்டுக் குழாயில் வாஷர் போய்விட்டால் சொட்டுச் சொட்டென்று ஒழுகுகிறதே, அந்த ஜாதி விஷயம். கப்பலின் வயிற்றை அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் கதவைச் சாத்திவிட்டால் தண்ணீர் அடுத்த அறைக்குப் போகாது. கதவின் விளிம்பில் ரப்பர் நன்றாக இருந்தால். இல்லாவிட்டால் கதவு இருந்தும் இல்லாததுதான். இருநூறுக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கப்பலில் இருந்தார்கள். மிகச் சிலரே பிழைத்தார்கள்.

அந்த ரப்பரை வாங்க ஏன் பணமில்லை என்று கேட்டால் கதை பீக்கிங் வரைக்கும் போகிறது. கப்பற்படைக்கு என்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி ராஜமாதாவின் கோடை அரண்மனையைப் புதுப்பிக்கப் போயிற்று. அவளுடைய அறுபதாம் ஆண்டு நிறைவு அந்த 1894 நவம்பரில். அரண்மனை ஏரிக்கரையில் கல்லால் கட்டிய ஒரு படகு மண்டபம் இருக்கிறது. அதை 1893-ல் புதுப்பித்து மேலே மாடம் வைத்தார்கள். மிதக்காத கப்பலுக்குச் செலவுக்குக் கிடைத்தது. மிதக்க வேண்டிய கப்பலுக்கு ரப்பர் கிடைக்கவில்லை. இதில் கல் படகு எல்லோருக்கும் தெரியும். பாடப் புத்தகம் வரையில் வந்துவிட்டது. ரப்பரைத்தான் யாரும் கவனிக்கவில்லை. ஏனென்றால் அதில் துரோகி இல்லை. விண்ணப்பம் வந்திருக்கும், ஒரு குமாஸ்தா அதை மற்ற விண்ணப்பங்களின் மேல் வைத்திருப்பான், மேலதிகாரி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருப்பார். ஒருவரும் சீனாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லோரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள்.

படத்தில் ரப்பருக்குப் பதிலாக மணல் வருகிறது. குண்டைப் பிரித்துப் பார்த்தால் வெடிமருந்துக்குப் பதில் மணல்! கொட்டுகிறது, காமிராவுக்கு நன்றாக இருக்கிறது. சீனக் குண்டுகளில் பல வெடிக்காதவை என்று அன்றைக்குச் சண்டையில் இருந்த வெளிநாட்டார் எழுதியிருப்பதால் அதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் மணல் என்றால் போட்டவன் ஒருவன் இருக்கவேண்டும். மறுபடியும் துரோகி. ரப்பருக்கு அப்படி ஒருவன் தேவையில்லை. காலமும் கஞ்சத்தனமும் போதும். எனக்கு ரப்பர்தான் பயமாக இருக்கிறது.

கணக்கு ஒன்றையும் பார்த்துவிடலாம். புதிதாக இருந்தபோது 18 நாட் ஓடிய கப்பல், ஏழு வருஷம் பழகித் தேய்ந்த பாய்லரோடு, 23 நாட் கப்பலைத் துரத்தி மோதப் போகிறது. யோஷினோ விலகிப்போக நினைத்தால் பிடிக்கவே முடியாது. இது தெங்குக்குத் தெரியாதா? கப்பலை இங்கிலாந்திலிருந்து ஓட்டி வந்தவர் அவர். தளபதியின் கப்பலான டிங்யுவான் தீப்பற்றிக் கிடந்தது. அதை மறைத்து நிற்கத்தான் அவர் முன்னால் வந்தார் என்கிறார்கள். நான் இதை நம்புகிறேன். மோதுவதற்காகப் பாய்ந்ததைவிட, அடி வாங்குவதற்காகக் குறுக்கே வந்தது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது. ஆனால் அதில் பாய்ச்சல் இல்லையே, திரையில் என்ன காட்டுவது?

அன்றைக்கு உண்மையாகவே விட்ட டார்பிடோவின் கதை ஒன்று இருக்கிறது. ஃபூலுங் என்ற சின்னஞ்சிறு சீன டார்பிடோப் படகு, சைக்கியோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலை மடக்கியது. அது பிரயாணிக் கப்பலாக இருந்து, அவசரமாகப் பீரங்கி பூட்டப்பட்டது. உள்ளே இருந்தவரோ ஜப்பானியக் கடற்படைத் தலைமை அதிகாரி கபயாமா. வேடிக்கை பார்க்க வந்து அகப்பட்டுக்கொண்டார். ஃபூலுங் மூன்று டார்பிடோ விட்டது. கடைசியானதைக் கல்லெறி தூரத்தில் வந்து விட்டது. தவறவே முடியாது, கபயாமாவும் தம் கதை முடிந்தது என்றே நினைத்தார். டார்பிடோ கப்பலுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே போயிற்று! அவ்வளவு பக்கத்தில் விட்டதால் ஆழத்தை விட்டு மேலே வர அதற்கு நேரமில்லை. எதிரியை மிகவும் நெருங்கியதால் தவறிய அடி. அந்தப் படகின் காப்டன் சாய் டிங்கான், பின்னாளில் வயசான காலத்தில் சீனக் கவிதைகளை ஆங்கிலச் செய்யுளாக மொழிபெயர்த்து 1932-ல் புஸ்தகம் போட்டார். இவரைப் பற்றி யாராவது படம் எடுக்கமாட்டார்களா என்று இருக்கிறது.

படத்துக்காக வாதாடுகிறவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். தேசம் அவமானப்பட்ட ஒரு நாளைப் பற்றி, யுத்தங்களில் நொந்து எழுந்த ஜனங்களுக்காக 1962-ல் எடுத்த படம்; அவர்களுக்கு வீரன் வேண்டியிருந்தது; நீ சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரப்பரைப் பற்றிப் பேசுகிறாய் என்பார்கள். நியாயம்தான். வீரனைக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. தெங் வீரர். அவர் இறந்த நாள், சந்திர மாதக் கணக்குப்படி, அவருடைய நாற்பத்தைந்தாவது பிறந்த நாள். கடலில் அவரைக் காப்பாற்றப் பார்த்த அவருடைய நாயையும் அணைத்துக்கொண்டு அவர் மூழ்கினார் என்று சொல்கிறார்கள். நாவலில் நான் இந்தப் பிறந்த நாளை எழுதினால் பத்திரிகாசிரியர் சிவப்புப் பென்ஸிலால் அடித்துவிடுவார். வாழ்க்கையே இவ்வளவு கொடுத்திருக்கும்போது, அவர் பக்கத்தில் ஒருவனைக் கரி பூசி நிறுத்தினால்தான் அவர் வெளுப்பாகத் தெரிவார் என்று நினைத்தது எதற்கு? அது தெங்கின் மேலேயே நம்பிக்கையில்லாத காரியம்.

ஃபாங்கை நல்லவராக்கிவிட வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அவருக்காகப் பரிந்து எழுதியவர்களில் சிலர் அந்தத் தப்பைச் செய்கிறார்கள். அவர்கள் எழுத்தில் ஃபாங் மகா தந்திரசாலி, மற்ற எல்லோரும் பொறாமைக்காரர்கள். பலகையைத் திருப்பிப் போட்டால் பின்பக்கமும் அதே பலகைதான். எனக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி. லூஷுன் துறைமுகம், விடிவதற்கு முன். ஒரு கப்பல் மட்டும் வந்து நிற்கிறது. தளத்தில் ஒரு மனிதன். தன்னோடு படித்தவர்கள் எத்தனை பேர் பின்னால் வருவார்கள், எத்தனை பேர் வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது. அவர்கள் வரவேண்டும் என்று அவன் விரும்புகிறானா, வரக்கூடாது என்றா? லி மோரானுக்குப் பீபாவைக் கொடுத்த அதே டைரக்டரால் இந்த இரண்டு நிமிஷத்தையும் எடுத்திருக்க முடியும். எடுக்கவில்லை என்பதுதான் என் குறை.

கப்பல்களைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஃபாங்கின் கப்பலை 1895-ல் ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள். சையென் என்று பேர் மாற்றி ஓட்டினார்கள். 1904 நவம்பரில் போர்ட் ஆர்தரை ருஷ்யர்களிடமிருந்து பிடிக்கும் முற்றுகையின்போது கண்ணிவெடியில் பட்டு மூழ்கியது. அதே முற்றுகைக்குப் போன யோஷினோ, அந்த வருஷம் மே மாதமே, மூடுபனியில் சொந்தப் படைக் கப்பல் ஒன்று இடித்து மூழ்கிவிட்டது.

சிஹ்யுவானை, டான்டுங் நகரத்துக்கு எதிரே கடலடியில் மண்ணில் புதைந்து கிடந்ததைத் தோண்டிப் பார்த்து, 2015-ல் அதுதான் என்று உறுதி செய்தார்கள். அடையாளம் காட்டியவற்றில் முக்கியமானது ஒரு பீங்கான் தட்டு. நடுவில் கப்பலின் பெயர் இரண்டு சீன எழுத்தில் வட்ட முத்திரையாக இருந்தது. பிறகு ஒரு தொலைநோக்கிக் குழாய் கிடைத்தது. அதில் துணைக் காப்டன் சென் ஜின்குயின் பெயரை ஆங்கில எழுத்தில் பொறித்திருந்தது. சிறுவனாக அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப்பட்டவர் அவர். அங்கே கையெழுத்துப் போடப் பழகிய மாதிரியே பெயரைப் பொறித்து வைத்திருந்தார். படத்தில் அவரைத் தேடினேன். மூன்றாம் தடவை பார்க்கும்போது கண்ணில் படுகிறாரோ என்னவோ.

என் நாவலின் அடுத்த பதிப்பு அச்சாகிக்கொண்டிருக்கிறது. மணியக்காரரை எடுத்துவிட்டேன். கதை நாற்பது பக்கம் குறைந்துவிட்டது என்று பதிப்பாளர் முணுமுணுக்கிறார்.